அப்ரண்டிஸா, இன்டர்னா: பட்டம் முடித்த முதல் ஆண்டுக்கு எது பொருந்தும்?

சென்னையில் பட்டம் முடித்து, வளாகத் தேர்வில் வேலை அமையாத ஒருவருக்கு முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் ஓராண்டு அப்ரண்டிஸாகச் சேரலாம். ஓஎம்ஆர் எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இன்டர்னாகச் சேரலாம். கிண்டியிலோ அம்பத்தூரிலோ இருபது முப்பது பேர் மட்டுமே வேலை செய்யும் சிறு நிறுவனத்தில் நுழையலாம். இம்மூன்றையும் மாத ஸ்டைபெண்டை, அதாவது பயிற்சிக்கால உதவித்தொகையை வைத்தே ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. எந்த வழியில் முதலில் போனால் எந்த வழி பிறகு அடைபடும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்ரண்டிஸ் வழிக்குச் சட்டத்தின் பின்பலம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் 1973இல் திருத்தப்பட்டபோது பொறியியல் பட்டதாரிகளும் அதன் வரம்புக்குள் வந்தார்கள். இன்று கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளுக்கும் இடங்கள் அறிவிக்கப்படுகின்றன. தென்மாநிலங்களுக்கான தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் தரமணியில் இயங்குகிறது. மாநகரப் போக்குவரத்துக் கழகம், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை போன்றவை ஆளெடுக்கும்போது மத்திய அரசின் இணையதளத்தில் பதிவு செய்திருப்பவர்களிடமிருந்தே விண்ணப்பங்களைக் கேட்கின்றன. எழுத்துத் தேர்வு பெரும்பாலும் இருக்காது. பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்துப் பட்டியல் போட்டு, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பார்கள். 2019இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரி அப்ரண்டிஸுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்றும், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாய் என்றும் வகுத்தன; இந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. இருதரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தம் பதிவு செய்யப்படுகிறது. பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரும் பொறுப்பும் நிறுவனத்துக்கு உண்டு. தனியார் இன்டர்ன்ஷிப் கடிதங்களில் இப்படியொரு பாதுகாப்பை அரிதாகவே பார்க்க முடிகிறது.

ஆனால் அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவரே தவிர ஊழியர் அல்லர் என்று அதே சட்டம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ஓராண்டு முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்குக் கிடையாது. பொதுத்துறைக்குள் காலை வைத்துவிட்டால் எப்படியாவது நிரந்தரமாகிவிடலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நம்பிச் சேருபவர்கள் இதைப் படித்துப் பார்ப்பது நல்லது. அப்ரண்டிஸ் காலம் பணி அனுபவமாகக் கணக்கில் கொள்ளப்படாது என்று பல பொதுத்துறை ஆள்சேர்ப்பு அறிவிப்புகளே குறிப்பிடுகின்றன.

முதலில் சொன்ன அடைப்பு இங்கேதான் வருகிறது. பட்டம் பெற்றபின் ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர்களும், ஏற்கெனவே ஒருமுறை அப்ரண்டிஸ் பயிற்சி பெற்றவர்களும் பட்டதாரி அப்ரண்டிஸ் இடங்களுக்கு விண்ணப்பிக்க முடியாது என்று அப்ரண்டிஸ் சேர்க்கைக்கான அறிவிப்புகள் கூறுகின்றன. தனியார் நிறுவனத்தில் ஓராண்டைக் கழித்துவிட்டு, சரிவரவில்லை என்றால் அப்ரண்டிஸாகப் போகலாம் என்று நினைப்பவருக்கு அந்தக் கதவு அப்போது திறந்திருக்காது. மாறாக, அப்ரண்டிஸ் ஆண்டை முடித்தவர் இன்டர்னாகச் சேர எந்தச் சட்டத் தடையும் இல்லை. இயந்திரவியல், மின்னியல் படித்தவர்கள் அப்ரண்டிஸ் வழியை முதலில் முயல வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

கணினி படித்தவர்களின் நிலை வேறு. அரசு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் ஓராண்டு தரவுப் பதிவு செய்துவிட்டு வந்தால், அடுத்த நேர்காணலில் காட்ட அதிகம் இருக்காது. ஓஎம்ஆரின் பெரிய நிறுவனங்களில் பெயரும் பளபளப்பும் உண்டு. ஆறு மாத முடிவில் நிரந்தர வேலைக்கான ஆஃபர் வரும் வாய்ப்பும் உண்டு. எனினும் முதல் சில வாரங்கள் அடையாள அட்டை, லேப்டாப், சிஸ்டம் அனுமதி என்று காத்திருப்பதிலேயே கரைகின்றன. அதன்பின் இணையவழிப் பாடங்களும் தேர்வுகளும் தொடர்கின்றன. உண்மையான ப்ராஜெக்டில் ஓர் இன்டர்னின் கை படுவது குழுத் தலைவரின் மனநிலையைப் பொறுத்தது. எத்தனை இன்டர்ன்கள் நிரந்தரமானார்கள் என்பதைச் சென்ற ஆண்டு அங்கிருந்த சீனியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மனிதவளத் துறையிடம் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

செலவில் பெரிய வேறுபாடு இல்லை. 9,000 ரூபாயில் வேளச்சேரியிலோ பெருங்குடியிலோ பகிர்வு அறைக்குக் கொடுத்து, சாப்பாட்டுக்கும் மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் மாத பாஸுக்கும் ஒதுக்கினால் மிச்சம் சொற்பமே. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணச் செலவு இல்லை. எப்படியும் வெளியூரிலிருந்து வருபவருக்கு வீட்டிலிருந்து பணம் வந்தாக வேண்டும். 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் அப்போது அறிவித்த 5,000 ரூபாய், சென்னையில் சொந்த வீட்டிலிருந்து போய்வருபவருக்கு மட்டுமே கட்டுபடியாகும்.

சிறு நிறுவனங்களைத்தான் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் பட்டறை ஒன்றில் சேரும் பட்டதாரியின் கையில் முதல் வாரமே வெர்னியர் என்னும் நுண்ணளவுக் கருவியைக் கொடுத்துவிடுவார்கள். எந்திரத்திலிருந்து வரும் முதல் உருப்படியை வரைபடத்தோடு ஒப்பிட்டு, அளவு விலகினால் ஆபரேட்டரிடம் சொல்லி நிறுத்தவைக்க வேண்டும்; இருபது ஆண்டு அனுபவமுள்ள அந்த அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்தே கற்க வேண்டியிருக்கும். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய பெட்டியைப் பிரித்துக் காரணம் எழுதும் வேலையும் அவரிடமே வரும். இப்படி நேரடியாக வேலையில் இறங்கும் வாய்ப்பு பெரிய நிறுவனத்தில் முதல் ஆண்டில் கிடைப்பது அரிது. கிண்டியில் இயங்கும் சிறு மென்பொருள் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஆகவே கணினிப் பட்டதாரிக்கு என் தேர்வு இதுவே.

சிறு நிறுவனங்களில் ஆபத்து சேர்க்கைக் கடிதத்தில் இருக்கிறது. ஸ்டைபெண்ட் எந்தத் தேதியில், பயிற்சி எத்தனை மாதம், இடையில் விலகினால் என்ன என்ற மூன்றும் சேரும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் நகலை மட்டும் கொடுக்கலாம். பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்டால், அந்த இடத்தை இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்க வேண்டியதில்லை.