வேலூரில் தெரபி சென்டர் தேடுகிற பெற்றோருக்கு

வேலூர், காட்பாடி பக்கம் பிள்ளைக்குத் தெரபி தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நாங்கள் கட்டிவிட்டுத்தான் யோசித்தோம்.

என் மகனுக்கு ஐந்து வயது, ஆட்டிசம். தானாகப் பேசுவது குறைவு. ஆனால் காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வான், குரலின் ஏற்ற இறக்கம்கூட மாறாது. எக்கோலாலியா என்பார்கள். காட்பாடி ஸ்டேஷன் அறிவிப்பு, தெருவில் கீரைக்காரம்மா கூவுவது எல்லாம் அவன் வாயில் அச்சு அசலாக வரும். எங்களுக்குக் கண்ணைத் திறந்துவிட்டதும் இதுதான்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு சென்டரில் சேர்த்தோம். "ஆறே மாதத்தில் பேச வைக்கிறோம்" என்று போர்டிலேயே எழுதியிருந்தது. 72 வகுப்பு, ஒன்றுக்கு 700 ரூபாய். மொத்தமாகக் கட்டினால் 50,400க்குப் பதில் 45,000. வீட்டுக்காரர் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார்; என் வளையலை அடகு வைத்துத்தான் கட்டினோம். கொடுத்த சீட்டில் ஒரு கையெழுத்து மட்டும், சீல்கூட இல்லை. அம்மாவைப் பார்த்தால் பிள்ளை ஒத்துழைக்காது, உள்ளே வராதீர்கள் என்றார்கள். சரி, நியாயம்தானே என்று 45 நிமிஷமும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

மே மாதம் ஒரு ராத்திரி ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருக்கிறேன், "வீடியோ முடிஞ்சிடுச்சா? அடுத்தது போடட்டுமா?" என்றான். முழுசாக இரண்டு வாக்கியம்! மாமியார் ஓடிவந்து, "புள்ள பேசறாம்மா, கட்டன பணம் வீண் போவல" என்று திருஷ்டி கழித்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாய் ஊட்டும்போது மறுபடி சொன்னான். அப்போதுதான் உறைத்தது, அது யாரோ ஒரு பெண் சலிப்போடு கேட்கிற குரல். எங்கள் வீட்டில் அவன் கையில் போனே கொடுப்பதில்லை. சில நாள் கழித்து இன்னொன்று வந்தது: "கத்தின, கதவ சாத்திடுவேன்." இப்போதும் பாத்ரூம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் இதைச் சொல்கிறான்.

மாதக் கடைசியில், ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னேற்றம் எழுதிவைக்கிற நோட்டைச் சென்டரில் கையெழுத்துக்காகக் கொடுத்தார்கள். வைகாசி 1, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்று நாங்கள் என் அம்மா வீட்டில் இருந்தோம். மேளச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு நாளெல்லாம் உள்ரூமில் கிடந்தான் பிள்ளை. நோட்டில் அதே தேதியில், "கண் பார்த்துப் பேசுகிறான், நல்ல முன்னேற்றம்."

சென்டரில் காதில் விழுந்ததைத்தானே இவன் திருப்பிச் சொல்கிறான் என்று போய்க் கேட்டோம். "ஆட்டிசம் புள்ளைங்க சும்மா எதையாவது சொல்லுவாங்க மேடம், அதைப்போய் நம்பறீங்களே" என்றார் நடத்துபவர். எக்கோலாலியா தெரியாதவர்தான் போர்டில் ஆட்டிசம் நிபுணர்! ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், பதிவு எண் கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த ஏதோ ஆன்லைன் கோர்ஸ் சான்றிதழைக் காட்டினார்.

ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பு ஆசிரியர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகியோர் ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (1,000 ரூபாய்! எங்களிடம் இரண்டு வகுப்புக்கு வாங்கியதைவிடக் குறைவு.) ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இதில் வரமாட்டார், அவரிடம் பட்டப்படிப்புச் சான்றைக் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். மொத்தமாகக் கட்டாதீர்கள், வகுப்புக்கு வகுப்பு கொடுங்கள். கண்ணாடி வழியாகவோ கேமராவிலோ பார்க்க விடுகிறார்களா என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள். பாகாயத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக நடத்தும் நம்பிக்கை நிலையத்தில் பெற்றோரையும் சேர்த்துத்தான் பயிற்சி கொடுக்கிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் அது இருந்தும் ஆறு மாத போர்டை நம்பிப் போனோம்.

26 வகுப்பு போயிருந்தோம். மீதி 46க்குக் கணக்குப் போட்டால் 28,750 வர வேண்டும். "பணம் வாபஸ் இல்லை" என்றவர்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்தபின் 15,000 கொடுத்தார்கள். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கச் சொல்லி இரண்டு முறை போன் செய்துவிட்டார்கள்.