ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு அப்புறம் நெட் ஸ்லோவா? ‘ரவுட்டர் போயிடுச்சு’ என்று சொல்பவரிடம் உஷார்

200 எம்பிபிஎஸ் பிளான். ராத்திரி ரவுட்டரின் ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) தானாக அப்டேட் ஆகிறது. காலையில் போனில் 30, 35தான் வருகிறது. கம்ப்ளெயின்ட் கொடுத்தால் வரும் ஆள் செட்டிங்ஸைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. “அப்டேட்ல போர்டு அடிச்சிருச்சு சார், மாத்தணும்.” புது ரவுட்டர் பையிலேயே தயாராக இருக்கிறது. மாட்டி, பக்கத்திலேயே நின்று ஸ்பீடு டெஸ்ட் காட்டுகிறார்: 90. பணம் கைமாறுகிறது, பில் கிடையாது, பழைய பெட்டி ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று அவர் பைக்குள் போய்விடுகிறது.

இதில் இரண்டு ஏமாற்று இருக்கிறது.

பழைய ரவுட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்டேட் ஆகும்போது சில மாடல்களில் செட்டிங்ஸ் பழையபடி கம்பெனி நிலைக்குப் போய்விடும். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளான 2.4 கிகாஹெர்ட்ஸும் 5 கிகாஹெர்ட்ஸும் ஒரே பெயருக்குள் சேர்ந்துவிடும், போன் 2.4-லேயே ஒட்டிக்கொள்ளும். பக்கத்து ஃபிளாட் வைஃபை எல்லாம் மோதும் அந்த அலைவரிசையில் 30, 40 வருவது சகஜம். புது ரவுட்டரை அவர் டெஸ்ட் செய்தது 5-ல், இரண்டடி தூரத்தில்.

இரண்டாவது இன்னும் மோசம். 200 பிளானில் ஏன் 90? புதுப் பெட்டியின் போர்ட்டுகள் (கேபிள் சொருகும் துளைகள்) 10/100 ரகம், அதாவது உச்சமே 100 எம்பிபிஎஸ். அதில் 94, 95-க்கு மேல் ஏறவே ஏறாது. அட்டையில் பெரிதாக ‘ஏசி1200’ என்று இருக்கும். அது வைஃபையின் 300-ஐயும் 867-ஐயும் கூட்டிப் போட்ட கணக்கு. போர்ட் வேகம் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். 10/100/1000 அல்லது ‘கிகாபிட்’ என்று இல்லாவிட்டால் 100-க்கு மேற்பட்ட பிளானுக்கு அந்தப் பெட்டி வேண்டாம்.

ஆளைக் கூப்பிடும் முன் ஒரு வேலை. கிகாபிட் போர்ட் உள்ள லேப்டாப்பை ரவுட்டரின் லேன் போர்ட்டில் கேட்5இ கேபிளால் இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டு டெஸ்ட் ஓட்டுங்கள். 190-க்குப் பக்கம் வந்தால் லைன் சுத்தம், கோளாறு வைஃபை செட்டிங்ஸில். ரவுட்டரின் அட்மின் பக்கத்தை (பிரவுசரில் திறக்கும் செட்டிங்ஸ் பக்கம்) திறந்து, 2.4, 5 இரண்டு பேண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். 5-க்கு சேனல் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ், சேனல் 36 அல்லது 149. 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடார் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழும். ஒரு நிமிடமோ அதற்கு மேலோ வைஃபையே காணாமல் போனதுபோல் இருக்கும். 2.4-க்கு 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1, 6, 11-ல் ஒன்று. பாதுகாப்பு டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். அங்கே டிகேஐபி (பழைய பாதுகாப்பு முறை) என்று இருந்தால் வைஃபை வேகம் 54-க்கு இறங்கிவிடும்.

கேபிளிலும் சரியாக 94-ல் நின்றால் சந்தேகம் கம்பி மேல். 100-க்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும்; கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும்போது போர்ட் வேகத்தைப் புதிதாகப் பேசி முடிவு செய்யும். நீலம், பழுப்பு ஜோடிகளில் ஒரு கம்பி சரியில்லை என்றாலும் 100-க்கு இறங்கிக்கொள்ளும். பழி அப்டேட் மேல் விழும். கேபிள் முனையை வெளிச்சத்தில் பிடித்து நேராகப் பாருங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்குள் எட்டுச் செம்புப் புள்ளியும் முன்விளிம்பு வரை வந்திருக்க வேண்டும். பழுப்புக் கம்பி அரிசி அளவு உள்ளே தங்கியிருந்தால் அதுதான் வியாதி. முனையை வெட்டி, புது கனெக்டர் மாட்டி அழுத்தி (கிரிம்ப்) விட்டால் தீர்ந்தது. ஃபைபர் லைன் வந்து சேரும் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள கேபிளை மறக்காதீர்கள்.

94-ம் இல்லாமல் 190-ம் இல்லாமல் 120, 130 என்று ஆடினால் க்யூஓஎஸ் (எதற்கு முன்னுரிமை என்று நெட்டைப் பிரிக்கும் வசதி), டிராஃபிக் கணக்கு ஆகியவற்றை அணைத்துப் பாருங்கள். பல ரவுட்டர்களில் இவை ஓடினால், டேட்டாவை வேகமாகக் கடத்தும் ஹார்ட்வேர் நாட் (என்ஏடி) நின்று, எல்லா டேட்டா பாக்கெட்டும் சின்னப் பிராசஸர் தலையில் விழும். ஸ்பீடு டெஸ்ட் நன்றாக வந்தும் சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கினால் எம்டியூவைப் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பாருங்கள். பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் முறை) இணைப்புக்கு 1492.

ரீசெட் ஓட்டையில் குச்சியை வைக்கும் முன் பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண் (நெட் கம்பெனி இணைப்புக்குத் தரும் எண்) மூன்றையும் கம்பெனியிடம் கேட்டு எழுதி வையுங்கள். இல்லையென்றால் இருந்த நெட்டும் போய், அதே ஆளைக் கூப்பிட வேண்டி வரும் (அதற்கும் ஒரு சார்ஜ்). ரீசெட் ஆனபின் செட்டிங்ஸின் பழைய பேக்கப் ஃபைலை ஏற்றாதீர்கள், செட்டிங்ஸைக் கையால் போடுங்கள்.

பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்ப ‘சாஃப்ட்வேர் சார்ஜ்’ கேட்டால் கொடுக்க வேண்டாம். பிரபல கம்பெனிகளின் தளத்திலேயே ஃபைல் இலவசம். ஸ்டிக்கரில் உள்ள ஹார்ட்வேர் வெர்ஷன் அப்படியே பொருந்த வேண்டும். வி3 ஃபைலை வி4-ல் ஏற்றினால் அப்போது நிஜமாகவே பெட்டி போய்விடலாம். கேபிள் வழியாக ஏற்றுங்கள், நடுவில் கரண்ட் போகக் கூடாது. சில மாடல்கள் பின்னோக்கிப் போக விடாது.

ஃபைபர் பெட்டி நெட் கம்பெனி கொடுத்தது என்றால் அதன் அப்டேட்டை அவர்களே தூரத்திலிருந்து ஏற்றலாம். பழுதுக்கு உங்களிடம் பணம் கேட்டால் ஒப்பந்தத்தில் எந்த வரி என்று கேளுங்கள். அதன் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆப்டிகல் ரிசீவ் பவர் (வந்து சேரும் ஒளியின் பலம்) மைனஸ் 8-க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் இடையில் இருக்க வேண்டும். மைனஸ் 29 என்றால் ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கிறது அல்லது கனெக்டர் அழுக்கு. எத்தனை ரவுட்டர் மாற்றினாலும் அது ஏறாது.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டீர்களா? புதுப் பெட்டியின் ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணை அட்டைப்பெட்டியோடும் அட்மின் பக்கத்தோடும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் யாரோ கழட்டிப் போட்ட சரக்காக இருக்கலாம். சீரியல் எண்ணோடு ஜிஎஸ்டி பில் கேளுங்கள். வந்தவர் நெட் கம்பெனி ஆள் என்றால் அந்தக் கம்பெனியிடம் புகார் கொடுத்து டாக்கெட் எண் (புகார் எண்) வாங்குங்கள். தீரவில்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் அப்பீல் அதிகாரியிடம் போகலாம். கடைக்காரர் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பழைய ரவுட்டரையும் திருப்பிக் கேளுங்கள், அதற்குள் உங்கள் வைஃபை பாஸ்வேர்டும் பிபிபிஓஇ பாஸ்வேர்டும் இருக்கின்றன. கிடைக்கவில்லை என்றால் இன்றைக்கே இரண்டையும் மாற்றிவிடுங்கள்.