நீர்வண்ணமா, எண்ணெய்வண்ணமா? அரைமணி மட்டும் கிடைக்கும் ஓவியருக்கு

சேலத்தில் வேலை, வீடு, பிள்ளைகள் என்று ஓடுபவருக்கு வரையக் கிடைப்பது அரைமணிதான். அதை வைத்தே கணக்குப் போடுவோம்.

எடுத்து வைக்க:
நீர்வண்ணம் – 2 நிமிடம். காய்ந்த வண்ண வில்லையை நனைத்தால் போதும்.
எண்ணெய் – தட்டு, வண்ணம் கரைக்கும் டர்பன்டைன், துணி எல்லாம் பரப்பி, கடைசியில் தூரிகையைச் சோப்புப் போட்டுக் கழுவவே 10 நிமிடம் போய்விடும்.

பாதியில் எழுந்தால்:
குக்கர் விசிலடித்தால் நீர்வண்ணம் காத்திருக்காது. மே மாத வெக்கையில், ஃபேனுக்குக் கீழே, பூச்சின் ஓரம் சட்டென்று காய்ந்து கோடு விழும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிமனான பருத்தித் தாளை இருபுறமும் நனைத்து அக்ரிலிக் பலகையில் படியவைத்தால் ஈரம் நீடிக்கும்.
எண்ணெய் மறுநாளும் பெரும்பாலும் குழைவாகவே இருக்கும்.

ஏற்காட்டில் கதை தலைகீழ். பனிமூட்டத்தில் தாள் காயாது. ஈரத்தோடு மூடிய நோட்டில் பூஞ்சணம் பிடிக்கும். காயாத எண்ணெய்ப் படத்தோடு 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதும் லேசில்லை.

செலவு: தொடங்க நீர்வண்ணமே மலிவு. ஆனால் நல்ல தாள் பணம் தின்னும்.

ஒரு எச்சரிக்கை: எண்ணெய்வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளி எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவையுங்கள்.

பூட்டி வைக்க ஓர் அறை உண்டா, எண்ணெய். சாப்பாட்டு மேசைதான் பட்டறையா, நீர்வண்ணம்.