ஜென்ஹூவில் வாங்கிய பட்டுப் பூனை: ஊசி வேலை அருமை, படச்சட்டம் சரியில்லை

சீனாவின் சூசோ நகருக்கு மேற்கே, தாய்ஹூ ஏரிக்கரையில் உள்ள ஜென்ஹூ, தலைமுறை தலைமுறையாகப் பட்டுப் பூத்தையல் நடக்கும் ஊர். அங்கே ஒரு சிறிய கடையில் இருபக்கமும் பூனை தைத்த பட்டுப் படம் ஒன்றை வாங்கி, ஷாங்காய் வீட்டில் ஓராண்டு வைத்திருந்த பிறகே இதை எழுதுகிறேன்.

கடைக்கார அம்மையார் விலையைச் சொல்வதற்கு முன் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். ஒரு பட்டு நூலைப் பல இழைகளாகப் பிரித்து, மெல்லிய இடங்களுக்கு ஓரிரு இழையை மட்டுமே ஊசியில் கோத்துத் தைப்பதுதான் சூசோ வேலையின் உயிர். பூனையின் ரோமம் வளரும் திசையிலேயே தையலும் ஓடுவதால், படத்தைச் சற்றுச் சாய்த்தால் முதுகின் பளபளப்பு இடம் மாறுகிறது. கண்மணியைச் சுற்றி மஞ்சளும் பச்சையும் எங்கே கலக்கின்றன என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. திருப்பிப் பார்த்தால் அந்தப் பக்கமும் அதே பூனை, ஒரு முடிச்சுகூட வெளியே தெரியவில்லை. இயந்திரத் தையலில் பின்புறம் வேறு நூல் ஓடும். சில மலிவான படங்களில் துணியில் அச்சிட்ட ஓவியத்தின் மேல் ஆங்காங்கே மட்டும் நூல் இருக்கும். அப்படிப்பட்டவற்றையும் அவர் விற்கிறார், ஆனால் தனியாக அடுக்கி, இன்னது என்று சொல்லியே விற்கிறார்.

அவர்மீது எனக்கு நம்பிக்கை வந்தது இன்னோரிடத்தில். பழைய சட்டைக் கைப்பட்டை ஒன்றை நான் ஆசையாக எடுத்தபோது, அதில் தைத்த பூவிதழின் மடிப்புக்குள் மங்காமல் இருந்த பளிச்சென்ற ஊதாவைக் காட்டி, அது செயற்கைச் சாயம் என்றார். முதல் செயற்கை ஊதா 1856-இல்தான் உருவானது. ஆகவே அந்தத் துண்டு அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. வாயில் வந்த ஒரு காலத்தைச் சொல்லி அவர் என்னிடம் விற்றிருக்கலாம்.

ஆனால் சட்டம் போட்டுக் கொடுத்த விதம் எனக்கு வருத்தமே. இரு கண்ணாடிகளும் பட்டுத் துணியை ஒட்டியே இருந்தன. ஜூன் மாதப் பிளம் மழையில் (பிளம் பழுக்கும் பருவத்தில் பெய்யும் தொடர் மழை) உள்ளே ஈரம் கோத்து, ஒரு காதின் ஓரத்தில் சாம்பல் நிறப் பூஞ்சைப் புள்ளி விழுந்துவிட்டது. துணிப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் பிரித்து, பட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே விரல் அகல இடைவெளி விட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட வேண்டியதாயிற்று. சிவப்பும் கருப்பும் கசியும் என்பதால் தண்ணீரே படக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். அருங்காட்சியகங்கள் பொதுவாகப் பட்டுக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் காட்டுவதில்லை. நானும் படத்தை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலிருந்து நடைப் பக்கம் மாற்றிவிட்டேன்.

அதே கடைக்கு மீண்டும் போவேன். அடுத்த படத்தைச் சட்டமில்லாமல் வாங்கி, மடிக்காமல், அமிலமற்ற தாளோடு குழாயில் சுற்றிக் கொண்டுவருவதாக முடிவு செய்திருக்கிறேன்.