சவ்வுக்குள் மருந்து சிதைவதைப் பார்க்க: ஒளிர்வா, அகச்சிவப்பா?

மஞ்சளின் குர்குமின், செல்சவ்வைப் போன்ற லைபோசோம் என்னும் நுண்ணிய கொழுப்புக் குமிழுக்குள் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பது எங்கள் கேள்வி. நாகமலை அடிவாரத்து ஆய்வகத்தில் ஒளியால் தூண்டிய பொருள் உமிழும் ஒளியை அளக்கும் ஒளிர்வு நிறமாலைமானி, பிணைப்புகள் உறிஞ்சும் அகச்சிவப்பை அளக்கும் அகச்சிவப்பு நிறமாலைமானி இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. ஒளிர்வைத் தேர்ந்தெடுத்தோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

அகச்சிவப்பின் பெருமை எல்லோரும் அறிந்தது. சாயம் எதுவும் சேர்க்காமல் பிணைப்புகளையே பார்க்கலாம். சவ்வின் கொழுப்பான லிப்பிட்டின் வால்கள் அலையெண் (ஒரு செ.மீ.க்கு எத்தனை அலை) 2850-இலும் அதன் எஸ்டர் பிணைப்பு 1735-ஐ ஒட்டியும் தெரியும்.

வில்லன் தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் சவ்வு இல்லை. ஆனால் அதன் அகன்ற பட்டை 1640-ஐ ஒட்டி எழுந்து, குர்குமினின் முக்கியப் பட்டைகளை மூடிவிடுகிறது. ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் கொண்ட கனநீருக்கு மாறினால் இடம் காலியாகும். ஆனால் திறந்துவைத்த கனநீர் காற்றின் ஈரத்தை இழுக்கும், வினையின் வேகமும் மாறக்கூடும். வைரப் படிகத்தின் மேல் துளி வைத்து அளந்தால் ஒளி சில மைக்ரோமீட்டரே இறங்கும். தொல்லை குறையும், தீராது.

கருவிக்குள்ளும் அதே பகைதான். ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரிக்கும் கதிர்ப்பிரிப்பான் பெரும்பாலும் பொட்டாசியம் புரோமைடு; உப்பு ஈரத்தில் கசிவதுபோல் அதுவும் மங்கும். ஐப்பசி மழை தொடங்கியதும் ஈரம் உறிஞ்ச உள்ளே வைக்கும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகிவிடும். அடுப்பில் வறுத்து மறுபடி நீலமாக்கிப் போட வேண்டும். உள்ளே வெதுவெதுப்பு குறையாதிருக்க இரவிலும் கருவியை அணைக்கக் கூடாது. மின்தடை வரும் ஊரில் இது தினசரிக் கவலை. ஒளிர்வுமானிக்கு இப்படிப்பட்ட சீராட்டல் வேண்டாம்: செனான் விளக்கு மங்குகிறதா என்று பார்ப்பதும், மாதிரி ஊற்றும் குவார்ட்ஸ் குவெட்டைக் கழுவுவதும் போதும்.

குர்குமினும் இதற்குத் தோதான மருந்து. தண்ணீரில் மங்கலாகக் கிடப்பது, லைபோசோம் சேர்த்ததும் பளிச்சென்று ஒளிரும். உச்சமும் 500 நானோமீட்டர் பக்கம் நகரும். மைக்ரோமோலார் அளவே போதும் என்பதால் சவ்வின் இயல்பு கெடாது. கார அமிலத்தன்மை (pH) 7.4, வெப்பம் 37 டிகிரி உள்ள வெறும் பஃபரில் (pH மாறாமல் காக்கும் கரைசலில்) அரை மணி நேரத்தில் பெரும்பகுதி சிதைந்துவிடும். சவ்வுக்குள் புகுந்தால் அந்தச் சரிவு தணிவதைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

ஒரு வேடிக்கை: 425 நானோமீட்டர் ஒளியால் தூண்டினால் தண்ணீரின் ராமன் சிதறல் (அலைநீளம் மாறிச் சிதறும் ஒளி) சரியாக 497-இல் வந்து குர்குமினின் உச்சத்தின் மேல் உட்காரும். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கண்டது இன்றும் நம் வரைபடத்தில் குறுக்கிடுகிறது. மருந்தில்லாத லைபோசோமை அளந்து கழித்தால் சரியாகிவிடும்.

ஒளிர்வு குறைவதற்கு மூன்று காரணங்கள் உண்டு: மருந்து சிதைந்திருக்கலாம், ஒளிபட்டு வெளுத்திருக்கலாம், சவ்வை விட்டு வெளியேறியிருக்கலாம். அதனால் அளவீடுகளுக்கு இடையே ஒளித்திரையை மூடுவது, இருட்டில் ஒரு மாதிரி வைப்பது, ஒளி உட்கவர்தலையும் (மாதிரி எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதையும்) கூடவே அளப்பது மூன்றும் கட்டாயம். என்ன சிதைபொருள் உண்டானது என்பதற்கு ஒளிர்வு பதில் சொல்லாது; அதற்குக் கலவையைப் பிரித்துக் காட்டும் நிறப்பகுப்பியல் (குரோமட்டோகிராபி) வேண்டும். திண்மநிலை என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) இதைவிட ஆழமாகப் போகும் என்கிறார்கள். நான் கையாண்டதில்லை என்பதால் அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

ஒளிராத மருந்தானால் அகச்சிவப்புக்கே போங்கள். ஆனால் அதற்கு முன் சிதைபொருளையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஆஸ்பிரின் ஏறத்தாழ இருட்டுதான். அது தண்ணீரால் உடைந்து (நீராற்பகுந்து) வரும் சாலிசிலேட்டோ 410 நானோமீட்டர் பக்கம் நன்றாகவே ஒளிர்கிறது.