காகிதப்பூ: மாடித் தொட்டியிலா, மதில் ஓரத் தரையிலா?

ஒரே செடியில் வெட்டிய இரண்டு குச்சிகள் எங்கள் வீட்டில் ஆறு வருடமாக வளர்கின்றன. ஒன்று மாடியில், மானாமதுரை மண்தொட்டியில். இன்னொன்று கீழே காம்பவுண்டுச் சுவர் ஓரம், கரிசல் மண்ணில். மாடியில் இருப்பது இடுப்பு உயரம்தான். ஆனால் தை பிறந்துவிட்டால் இலை தெரியாமல் பூத்து நிற்கும். கீழே இருப்பது சுவரைத் தாண்டி மின்கம்பி வரை ஏறிவிட்டது, ஆனால் சமீபம் வரை ஒரு பூ கிடையாது.

தரையைக் குறை சொல்லிப் பயனில்லை. துணி துவைக்கிற தண்ணீர்க் குழாயை அதன் தூரில் விட்டது நாங்கள்தான். காகிதப்பூவுக்கு நாக்கு கொஞ்சம் வறண்டால்தான் பூக்கவே தோன்றும். முள்ளும் பூங்கொத்தும் இலைக்கக்கத்தின், அதாவது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தின், ஒரே மொட்டிலிருந்து வருபவை. ஈரமும் தழைச்சத்தும் கூடிப்போனால் கொடி ஓடும், பூவாக வேண்டியது முள்ளாகிவிடும். கவாத்து செய்யப் போய்க் கையெல்லாம் கீறிக்கொண்ட அன்றுதான் எனக்கு இது உறைத்தது.

தொட்டியில் அந்த வறட்சி தானாக வந்துவிடுகிறது. வேர் ஓட இடமில்லை, மண்ணும் சீக்கிரம் காய்கிறது. 12 அங்குலத் தொட்டி போதும். அடி ஓட்டை மேல் ஓட்டுச்சில்லு, பிறகு செம்மண், மணல், மட்கிய தொழுவுரம். நான் பார்ப்பது ஒன்றுதான்: சாயங்காலம் இலை லேசாகத் துவள வேண்டும். துவண்டதும் அடியில் ஒழுகுகிற வரை ஊற்றிவிட்டு, மறுபடி துவளும்வரை சும்மா இருப்பேன். அக்கினி நட்சத்திரத்தில் இந்தக் கணக்கு செல்லாது, தினமும் ஊற்றியாக வேண்டும். அந்த நேரம் பத்து நாள் ஊருக்குப் போகிறவர்கள் தொட்டிப் பக்கமே வர வேண்டாம்.

மண் மாற்றும்போதுதான் பயம். வேர் மெல்லிசு, கட்டி உடைந்தால் செடி இலையெல்லாம் உதிர்த்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா தொட்டியை வெறும் தரையில் வைத்திருந்தார். வேர் ஓட்டை வழியாகக் கீழே இறங்கிவிட்டது. தூக்கியதும் அறுந்து, ஒரு வாரத்தில் செடி மொட்டை. செங்கல் மேல் வைத்திருந்தால் தப்பித்திருக்கும்.

தரைச் செடி அப்படியில்லை. முதல் வருடம் தாண்டிவிட்டால் நாம் மறந்தாலும் பிழைத்துக்கொள்ளும். அழகர்கோவில் பக்கத்துச் செம்மண்ணில் நட்டவர்களுக்கு வேலையே இல்லை. திருமங்கலம், உசிலம்பட்டிக் கரிசலில்தான் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். ஒரு முழம் மேடு கட்டி நட வேண்டும். பூத்து ஓய்ந்ததும் இரண்டுக்குமே நுனி வெட்டு உண்டு, புதுத் தளிரில்தான் பூ வரும். தொட்டிக்குக் கத்தரி போதும். தரைக்கு ஏணி, கையுறை, கூடவே ஒரு ஆள்.

மல்லிகை ஊரில் இருந்துகொண்டு "தலையில் வைக்க முடியாத பூவுக்கு இத்தனை பாடா?" என்பார் அத்தை. பூ என்று நாம் பார்க்கும் நிறமும் பூவில்லை, பூவடிச் செதில்தான், அதாவது பூவைச் சுற்றி நிற்கும் நிறமேறிய இலை. உள்ளே ஊசி போல் நிற்கும் வெள்ளைக் குழல்தான் பூ என்றேன். அந்திமந்தாரையும் மூக்கிரட்டையும் இதன் பங்காளிகள் என்றும் சொன்னேன். அத்தை மசியவில்லை.

வாடகை வீடு, மாடி, சின்ன பால்கனி என்றால் தொட்டிதான். வெயில் மட்டும் ஐந்தாறு மணி நேரம் விழ வேண்டும். சொந்தச் சுவரும் செம்மண்ணும் இருந்தால் தரைக்கே என் ஓட்டு, குழாயைத் தள்ளி வைத்துவிட்டு.

எங்கள் குழாயைப் போன ஆடியில் வாழைக்குத் திருப்பினோம். பங்குனியில் கீழ்ச்செடி முதன்முதலாகப் பூத்தது. எங்கள் பக்கம் வீட்டு நிழல் என்பதால் பூவெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம், அக்கா வாசலில். தினமும் கூட்டித் தள்ளுவது அவர்தான்.