ஒன்பது மணிக்கு மடங்கும் மேசை: நாலு வருஷ அனுபவம்

போன வாரம் ஆசாரி வந்து எங்கள் வீட்டு மடக்கு மேசையைக் கழற்றி, மறுபடி பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய். மறுநாளே, திருமங்கலத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் தோழி போன் செய்தாள். "பாப்பாவுக்குச் சுவத்துல ஒரு மேசை போட்டிருந்தீல்ல, அது எப்படிடி இருக்கு? எங்க வீட்லயும் ரெண்டு பிள்ளைகளுக்கும் அதையே போட்டுறலாமான்னு பாக்குறேன்" என்றாள். நல்லாத்தான் இருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் இவ்வளவு வந்துவிட்டது.

மேசை செய்தது 2021 ஜூலையில். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு, பாடமெல்லாம் போனில் ஓடிய காலம். கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டே எழுதுவாள். சாயங்காலமானால் கழுத்து வலிக்கிறது என்பாள். ஏழு வயதுப் பிள்ளை கழுத்து வலி என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் 19 மி.மீ. பிளைவுட், மேலே பளபளப்பில்லாத மைக்கா, அடியில் இரண்டு மடக்கு பிராக்கெட். கொக்கியைத் தட்டினால் பலகை கீழே இறங்கிச் சுவரோடு தொங்கும். அன்றைக்கு 4,800 ரூபாய் ஆனது.

ஏன் மடக்கு மேசை என்றால், எங்கள் வீடு அப்படி. மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பதினோரு அடி அகலத்தில் நீளமாக உள்ளே போகும் பழைய வீடு. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர்கள், பக்கவாட்டில் சன்னலுக்கு வழியே இல்லை. வெளிச்சம் வாசலிலிருந்தும் நடுவில் கூரையில்லாமல் திறந்திருக்கும் வானவெளியிலிருந்தும்தான். படிக்க, சாப்பிட, வந்தவர்கள் உட்கார, எல்லாவற்றுக்கும் ஒரே கூடம். ராத்திரி ஒன்பது மணிக்கு என் மாமியார் மெத்தை விரிப்பதும் அங்கேதான். மேசை நின்றால் மெத்தை விரியாது. மெத்தை விரிந்தால் மேசைக்கு இடமில்லை.

இதில் உண்மையிலேயே நல்லது எதுவென்றால் உயரம். கடையில் வாங்கும் மேசை அநேகமாகப் பெரியவர்கள் அளவு, இரண்டரை அடி. ஆசாரியும் முதலில் பென்சிலால் அந்த உயரத்தில்தான் கோடு போட்டார். அந்த உயரத்தில் ஏழு வயதுப் பிள்ளை எழுதினால் தோள் இரண்டும் காதுவரை ஏறும், நோட்டு தாடைக்குக் கிட்டே வந்துவிடும். ஐரோப்பாவில் பள்ளி மேசை நாற்காலிகளுக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதன்படி 119 முதல் 142 செ.மீ. வரை உயரமுள்ள பிள்ளைக்கு மேசை 59 செ.மீ., இருக்கை 35 செ.மீ. என் மகள் அப்போது 120 செ.மீ. நான் 59 என்று சொன்னதும், "இவ்வளவு தாழவா தாயி, நாளைக்கே வளந்துருமே" என்றார் ஆசாரி. வளர்ந்தால் ஏற்றிக்கொள்ளலாம் என்று அங்கேயே அடிக்கச் சொன்னேன். இந்த நாலு வருஷத்தில் நான் எடுத்த முடிவுகளில் இது சரி. அளவெல்லாம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளையை உட்காரவைத்துக் கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். முழங்கை நிற்கும் மட்டத்துக்கு ஒன்றிரண்டு செ.மீ. மேலே பலகை இருந்தால் போதும்.

நாற்காலிக்குத் தனியாகச் செலவு செய்யவில்லை. வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் கால் அந்தரத்தில் ஆடியது. அந்த நாற்காலியின் காலை ஆசாரியே அறுத்துக் குறைத்தார். அப்படியும் கொஞ்சம் எட்டாமல் இருந்தது, சாப்பிடப் போடும் மணையை அடியில் தள்ளினோம். கால் ஊன்ற இடம் கிடைத்த பிறகுதான் அவள் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தாள். அதுவரை அவளுக்குக் கவனம் போதாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

விளக்கில் ஒரு தப்பு நடந்தது. வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரவேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். வலது கையால் எழுதுபவருக்கு அது சரி, கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது. என் மகள் இடது கைக்காரி. வானவெளி இடப்பக்கம் வருகிற மாதிரி மேசையைப் போட்டுவிட்டு, பிள்ளை ஏன் நோட்டைக் கோணலாகத் திருப்பி வைக்கிறாள் என்று மூன்று மாதம் அதட்டியிருக்கிறேன். பிறகு வலப்பக்கம் ஒரு கிளிப் விளக்கு மாட்டினோம். நோட்டு தானாக நேரே வந்துவிட்டது. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

இனி சுவர். மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடு உங்களுடையதென்றால் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். 2023 ஜூலையில் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே குழந்தைகள் பகுதிக்குக் கூட்டிப் போவோம். அங்கே அவள் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே கூன் போட்டு உட்கார்ந்திருந்தாள். அளந்தால் 135 தாண்டியிருந்தது. அந்த ஐரோப்பிய அளவுகோலின் அடுத்த அளவு இந்த உயரத்துக்கும் பொருந்தும், அதனால் மேசையை 64 செ.மீ.க்கு ஏற்றினோம். அதற்குப் பழைய ஓட்டைகளுக்கு ஐந்து செ.மீ. மேலே புது ஓட்டைகள் போட்டார்கள். எங்கள் சுவரோ நாட்டுச் செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. சிமெண்ட் சுவரில் பிளாஸ்டிக் பிளக் கவ்வுகிற மாதிரி இதில் கவ்வாது. டிரில் போட்டாலே மாவாகக் கொட்டும். பிள்ளை மேசையின் முன் விளிம்பில் கையை ஊன்றிச் சாயும்போது, ஒன்றரை அடி நீளத்தின் முனையில் விழும் பாரம் முழுவதும் மேல் திருகாணியைத்தான் பிடுங்கும். ஒன்றரை வருஷம் தாங்கியது. போன மாதம் ஒரு பக்கம் பிதுங்கி வெளியே வந்து, ஜாமெட்ரி பாக்ஸ் சறுக்கிக் கீழே விழுந்தது. அவள் அந்த நேரம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள்.

ஆசாரி இந்தத் தடவை வேறு மாதிரி செய்தார். ரீப்பர் என்கிற நீளத் தேக்குச் சட்டம், மூன்று அங்குல அகலத்தில் இரண்டை எடுத்து, தரையில் ஊன்றிச் சுவரோடு நிறுத்தினார். ஒவ்வொன்றையும் நாலு இடத்தில் செங்கலுக்குள் ஆழமாகப் போகிற நீளத் திருகாணியால் பிடித்தார். பிராக்கெட்டை ரீப்பரின் மேல் பூட்டினார். பாரம் இப்போது ரீப்பர் வழியாகத் தரைக்கு இறங்கிவிடுகிறது, சுவர் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். இன்னும் உயரம் ஏற்ற வேண்டுமானால் சுவரைத் தொடவே வேண்டாம், ரீப்பரில் இரண்டு திருகாணியை மாற்றினால் ஆயிற்று. முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும். சுவர் என்ன சுவர் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதெல்லாம் சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கு இந்த மேசை மேல் உள்ள கோபம் திருகாணியால் வந்ததில்லை.

மடக்கு மேசையில் எதையும் பாதியில் விட முடியாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேலே இருப்பது அத்தனையும் இறங்கியாக வேண்டும். கணக்கு பாதியில் நிற்கும், அட்லஸ் விரிந்து கிடக்கும், பென்சில் எந்த வரியில் நின்றதோ அந்த வரியில் படுத்திருக்கும். எல்லாவற்றையும் மூடி, அடுக்கி, பைக்குள் தள்ளினால்தான் பலகை இறங்கும். காலையில் மேசையை விரித்தால் அது வெறும் பலகை. "நேத்து என்ன யோசிச்சேன்னே தெரியலம்மா" என்று அதன் முன்னால் உட்கார்ந்திருப்பாள். மேசை வாங்குகிற யாரும், கடைக்காரரும் ஆசாரியும் நானும், இதை யோசிக்கவே இல்லை. இடம் மிச்சமாகுமா, பாரம் தாங்குமா என்று மட்டும் பார்த்தோம். விட்ட இடத்தில் விட்டது கிடக்க வேண்டும் என்பது பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியவில்லை.

கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. அங்கே பார்த்த உறைகிணறு அவள் மனதில் அப்படியே நின்றுவிட்டது. சுட்ட மண் வளையங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கிணறு இறக்கியிருக்கிறார்கள் என்பதை வீட்டில் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அதையே செய்கிறேன் என்றாள். விளாச்சேரியில் பொம்மை செய்கிறவர்களிடம் போய் ஒரு உருண்டை களிமண் வாங்கி வந்தோம். ஒரு நாளைக்கு இரண்டு வளையம் என்று திட்டம். களிமண் நிழலில் மெதுவாகக் காய வேண்டும், ஆட்டக் கூடாது. ஒரு பக்கம் முந்திக் காய்ந்தால் சுருக்கம் சமமில்லாமல் போய் வெடித்துவிடும். ஒன்பது மணியானது. ஈர வளையங்களைக் கையால் தூக்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தோம். ஒன்று அப்போதே கோணிப்போனது. அடியிலிருந்து வரும் சூட்டில் மற்றது காலைக்குள் வெடித்திருந்தது. மறுநாள் ராத்திரியும் அதே கதை. மூன்றாம் நாள் அவளே, "வேண்டாம்மா, படம் வரைஞ்சு குடுத்துர்றேன்" என்றாள். பிள்ளை அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவ்வளவு ஆசையாக ஆரம்பித்ததை அப்படிச் சாதாரணமாக விட்டுக்கொடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு மாற்று கண்டுபிடித்திருக்கிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன். மிச்சமிருந்த 12 மி.மீ. பிளைவுட்டில் மேசையைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு பலகை வெட்டி, சுற்றிலும் விரற்கடை உயரத்துக்கு பீடிங் என்கிற மெல்லிய மரப்பட்டி அடித்து, தாம்பாளம் மாதிரி செய்யச் சொன்னேன். வேலை எல்லாம் அதன் மேல்தான் நடக்கும். ஒன்பது மணிக்குப் பலகையை இரண்டு பேராகத் தூக்கித் தையல் மெஷின் மேல் வைக்கிறோம். அட்லஸ் விரிந்தபடியே போகிறது, விரிந்தபடியே திரும்பி வருகிறது. கணக்குக்கும் படத்துக்கும் இது போதும். களிமண்ணுக்கு நம்பி வைக்க மாட்டேன், தூக்கும்போது ஆடத்தான் செய்கிறது. துணி தைக்க வேண்டிய நாளில் நான் காத்திருக்க வேண்டும், அது பரவாயில்லை. மடக்கு மேசை ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் உடனே இந்தப் பலகையைச் செய்துகொள்ளுங்கள்.

மடக்குவதால் நன்மையே இல்லையா என்றால், இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் எங்கள் வீதியில் தேர் வரும் நாளன்று உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் வந்துவிடுவார்கள். தேர் பார்த்து, அழகர் ஆற்றில் இறங்குவதையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். அந்த நாட்களில் மேசை சுவரோடு ஒட்டிக்கொள்ள, கூடம் முழுக்கப் பாய் விரியும். அப்போதெல்லாம் இதைச் செய்த கையைக் கும்பிடலாம் போல இருக்கும். வருஷத்துக்கு நாலைந்து நாள்.

இன்னொன்று, பிராக்கெட்டின் கொக்கி பெரியவர்கள் கைக்கு எட்டுகிற பக்கம் இருக்கட்டும். மகள் ஒரு தடவை தானே மடக்கப் போய் விரலை நசுக்கிக்கொண்டாள். நகம் விழுந்து முளைத்தது.

ஆகவே தோழிக்கு: நீ புது வீடு கட்டுகிறாய், பிள்ளைகளுக்கென்று பத்துக்குப் பத்து அறை இருக்கிறது என்றாய். காலுள்ள மேசை போடு. அழகாக இருக்கிறது, இடம் மிச்சம் என்று சுவரில் தொங்கவிடாதே. உயரத்தை மட்டும் என்னைப் போலவே பார், 59ல் ஆரம்பி, காலுக்கு அடியில் கட்டை வைத்து ஏற்றிக்கொள்ளலாம். உயரம் நன்றாக இருக்கிறது, பிளைவுட் நாலு வருஷத்தில் ஊதவில்லை, மைக்காவில் கீறல்கூட இல்லை. இவ்வளவு இருந்தும், மறுபடி முதலிலிருந்து செய்யச் சொன்னால் மடக்கு மேசை செய்ய மாட்டேன். இதே வீட்டில், இதே பதினோரு அடியில் இருந்தாலும் செய்ய மாட்டேன்.

அப்படியானால் அத்தை எங்கே படுப்பார் என்று நீ கேட்பாய். எனக்கும் தெரியவில்லை. ரீப்பர் அடித்து முடித்ததும் ஆசாரி, "முன்னாடி ரெண்டு காலு குடுத்து நிரந்தரமா நிறுத்திறவா தாயி? அரை நாள் வேலைதான்" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அத்தை, "ஏத்தா, அடிக்கச் சொல்லு. நான் வாசப்பக்கம் நடையில படுத்துக்கிறேன், காத்தும் வரும்" என்றார். நடையில் ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் சந்துக்குள் பைக் போகிற சத்தம். கழிப்பறைக்கு வீட்டின் நீளம் முழுக்க இருட்டில் நடந்து வரவேண்டும். அவருக்கு எழுபத்திரண்டு வயது. மகள் அப்பத்தா கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் சொல்கிறேன் என்று ஆசாரியை அனுப்பிவிட்டேன். அன்றைக்கு ராத்திரியும் ஒன்பது மணிக்குப் பலகையைத் தையல் மெஷினுக்கு மாற்றிவிட்டு மேசையை மடக்கினோம்.